பால்கனி வலையில் பீட்ரூட்

1

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். என் மகள் யாமினி ஒரு சிநேகிதியைக்கூட வீட்டுக்கு அழைத்து வராததற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கருவாடுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் இங்கே பெரிய பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நம்பினேன். சாமியைக்கூட அவ்வளவு விடாமல் நம்பியதில்லை.

நம்பக் காரணம் இருந்தது. நான் விடுமுறைக்குச் சொந்த ஊரான பழவேற்காடு போய்த் திரும்பும்போதெல்லாம், லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கும் என் அக்கா தேசம்மா வாளையும் நெத்திலியும் பெட்டி நிறையக் கட்டிக் கொடுப்பாள். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள், அதன் மேல் டேப். கடைசியில் பெட்டி உடையாமலிருக்க, கயிற்றுக்குப் பதில் பழைய இறால் வலையை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவாள். விமான நிலையத்தில் எல்லோருடைய பெட்டியும் பெட்டியாக வரும். என் பெட்டி மட்டும் பிடிபட்டது போல வரும்.

நான் இருப்பது நெதர்லாந்தில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மீன் வேண்டாம், வலை வேண்டாம் என்று கப்பல் வேலைக்கு ஓடிவந்தவன், கரை இறங்கி இங்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறேன். தலையெழுத்து என்று நினைக்காதீர்கள். அந்த வேலைக்குத்தான் விசா கிடைத்தது.

போன வாரம் புதன்கிழமை, சாப்பாட்டு மேஜையில் யாமினி ரசத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"சனிக்கிழமை லோட்டேவும் ஃபெம்கேவும் வராங்க. ஸ்கூல் ப்ராஜெக்ட். வேற எங்கயும் இடம் கிடைக்கல."

என் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்து மூழ்கியது. என் மனைவி கலா பொன்னேரிக்காரி. இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். யார் முகத்தைப் பார்த்தும் ரத்த அழுத்தம் சொல்லிவிடுவாள்.

"மூஞ்ச சாதாரணமா வெச்சுக்கோங்க," என்றாள். "கொழந்த பயந்துடப் போறா."

"நான் சாதாரணமாத்தான் கீறேன்."

"அப்பா, நீ ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள் யாமினி. "ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வெச்சா போதும். நிஜமா. ஒண்ணுமே பண்ணாத."

பதினாலு வயசுப் பெண் அப்பனைப் பார்த்து ஒண்ணும் பண்ணாதே என்றால், எதையாவது பண்ணு என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். இது இரண்டாவது முட்டாள்தனம். இனிமேல் எண்ண மாட்டேன்.

2

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கருவாடு வீட்டை விட்டு வெளியேறும். வரும் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர்ப் பண்டத்தை, நம் கைப்பக்குவத்தில் செய்து வைப்பது. காய்கறியை மெல்லிசாகச் சீவி, சீஸ் தூவி, மின்சார அடுப்புக்குள் வைத்து மொறுமொறுவென்று சுட்டெடுப்பார்களே, அது. தொழிற்சாலையில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு தட்டு வரும். ஒன்றைக் கடித்தால் சத்தம் பக்கத்து மேஜைக்குக் கேட்கும். எல்லோரும் "லெக்கர், லெக்கர்" என்பார்கள். ருசி என்று அர்த்தம். இந்த ஊரில் சாப்பாட்டுக்கும் அந்தச் சொல்தான், வெயிலுக்கும் அதுதான், நல்ல தூக்கத்துக்கும் அதுதான். சிக்கனமான ஜனங்கள்.

டச்சுக்காரர்களோடு எனக்கு இருக்கும் உறவு இந்த விசாவுக்கு முந்தியது. பழவேற்காட்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அவர்கள் கோட்டை கட்டி இருந்தார்கள், வியாபாரம் செய்தார்கள், செத்தார்கள். கோட்டை போய்விட்டது. செத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு காவல் நிற்கும் அந்தக் கல்லறைத் தோட்டம்தான் எங்கள் கிரிக்கெட் பந்து அடிக்கடி போய் விழும் இடம். பந்து தேடப் போகும்போது கல்லில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் ஒருவர் அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 'ஹீர் லெய்ட் பெக்ராவன்.' இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். எல்லாக் கல்லிலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யப் போனேன். எண் எடுத்து, உட்கார்ந்து, என் எண் வந்து, தப்பான கதவு என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி எண் எடுத்து, மறுபடி உட்கார்ந்து, ஒரு வழியாக ஒரு அம்மாள் முன்னால் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாடகைச் சீட்டில் என் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்தது. இங்கே வீடு இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் வீடு இல்லை. வியர்த்துவிட்டது. அந்த அம்மாள் இரக்கப்பட்டு, டச்சு ஏதாவது தெரியுமா, ஒரு வாக்கியம் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். எனக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். நெஞ்சில் கைவைத்து, தெளிவாகச் சொன்னேன்.

"ஹீர் லெய்ட் பெக்ராவன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"யார்?" என்று கேட்டார்.

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் கிடையாது. பஸ் டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரிடம், அவர் கை என் வாய்க்குள் இருந்தபோதே பாதி சொன்னேன். பெற்றோர் கூட்டத்தில் யாமினியின் கணக்கு டீச்சரிடம் முழுவதும் சொன்னேன், நெஞ்சில் கைவைத்து, எலும்புக்கூடு நிற்கும் விதத்தையும் நின்று காட்டி. யாமினி அப்போது ஜன்னல் வழியாக எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தில் பறவை கிறவை இருந்திருக்கும்.

3

வியாழக்கிழமை முதல் ஒத்திகை. பீட்ரூட், கேரட், சுக்கினி. இந்தச் சுக்கினி என்பது வெள்ளரிக்காய் மாதிரி நடிக்கும் ஒரு சுரைக்காய். எல்லாவற்றையும் வட்டமாகச் சீவி, தட்டில் காகிதம் விரித்து அடுக்கி, மேலே சீஸைத் தாராளமாகத் துருவிக் கொட்டி அடுப்புக்குள் தள்ளினேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து நலம் விசாரித்தேன். வெளியே வந்தது காய்கறிக் கூட்டு. சீஸ் மேலே போர்வை போர்த்திப் படுத்திருந்தது.

"நல்லா கீதுங்க," என்றாள் கலா. "எங்க இல்லத்துல பல்லில்லாதவங்களுக்குக் கொடுக்கலாம்."

வெள்ளிக்கிழமை சூட்டை ஏற்றினேன். ஓரமெல்லாம் கரி, நடுவெல்லாம் ஈரம். கூரையிலிருந்த புகைமணி அலற ஆரம்பித்தது. நான் நாற்காலி மேல் ஏறி முறத்தால் விசிறினேன். ஆம், நெதர்லாந்தில் என்னிடம் முறம் இருக்கிறது. அதுவும் அக்கா கொடுத்ததுதான். யாமினி தன் அறைக் கதவைத் திறந்து, என்னை, முறத்தை, நாற்காலியைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கதவை மூடிக்கொண்டாள். நாளைக்கு வராதீர்கள் என்று சிநேகிதிகளுக்குச் சொல்லப்போகிறாளோ என்று பயந்துபோனேன். ஒரு பெண் பிறந்து வளர்ந்து, முதல்முறை ஆட்களைக் கூப்பிடுகிறாள். அப்பன் அடுப்பில் கோட்டை விட்டான் என்று ஆகிவிடக்கூடாது. ஈரத்தை விரட்டத் தெரிந்த ஒரே ஆளுக்கு வீடியோவில் ஃபோன் போட்டேன்.

"இன்னாடா சேகரு, சீரியல் டைம்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள் அக்கா.

"ஒடம்பு நல்லாத்தான் கீதுக்கா. காய் மொறுமொறுன்னு வர மாட்டேங்குது."

"காய்க்காடா ஃபோன் பண்ணே?"

நடந்ததைச் சொன்னேன். கரிந்த தட்டையும் காட்டினேன். அவள் ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதில் எனக்கு அவளுடைய ஒரு புருவம் மட்டும் தெரிந்தது.

"உப்பு போட்டியா?"

"கொஞ்சம்."

"தண்ணி வடிய வுட்டியா? காத்துல போட்டியா?"

"அடுப்புலயே காஞ்சிடும்னு..."

"பச்ச மீன அடுப்புல வெச்சா கருவாடா ஆவும்? வெந்துதான் பூடும். குப்பத்துல பொறந்தவன்னு வெளிய சொல்லிக்காத."

"இங்க வெயிலே கெடையாதுக்கா."

"காத்து கீதா?"

"காத்து மட்டும்தான் கீது."

"அப்புறம் இன்னா? காலைல உப்பு போட்டு வடிய வுட்டு, வல மேல பரப்பு. அடியிலயும் காத்து பூந்து போவணும். கொஞ்சம் சுருங்கனதும் எடுத்து சுடு. உன் சீஸு கீஸெல்லாம் கடசில தூவு."

"வலைக்கு எங்கக்கா போறது?"

"உன் பொட்டிய சுத்திக் கட்டி அனுப்சேனே, அது இன்னா என் கல்யாணப் பொடவையா?" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "இத பாரு. அடுப்புல வெச்சிட்டா தொறந்து தொறந்து பாக்காத. சும்மா வுடு. சின்ன வயசுலயே உனக்கு அந்தப் பழக்கம். காய வெச்ச மீன ஒவ்வொண்ணா தூக்கி, காஞ்சிதா காஞ்சிதான்னு அதங்கிட்டயே கேப்பே."

4

சனிக்கிழமை காலை கலா வேலைக்குப் போய்விட்டாள். யாமினி, மதியம் சிநேகிதிகளோடு வருவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பினாள். நான் கருவாட்டு டப்பாவைக் கீழே சைக்கிள் கொட்டகையில், பழைய மெத்தைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

வலையை இரண்டாக மடித்து, பால்கனிக் கம்பிக்கும் துணி காயும் ஸ்டாண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டினேன். இறால் வலை, கண்ணி சின்னது, துண்டு கீழே விழாது. உப்பில் தண்ணீர் விட்ட பீட்ரூட்டையும் கேரட்டையும் சுக்கினியையும் வரிசையாகப் பரப்பினேன். காற்று வந்து மோதியதும் வலை லேசாக மூச்சுவிட்டது. எதிர் பிளாட் கிழவர் காபிக் கோப்பையோடு வெளியே வந்து, பார்த்து, உள்ளே போய், மனைவியை அழைத்துவந்து காட்டினார். கையசைத்தேன். அவர்களும் அசைத்தார்கள்.

மதியம் ஆனபோது துண்டெல்லாம் சுருங்கி, ஓரம் மடங்கி, பார்க்கவே அழகாக இருந்தது. முதல் தட்டைச் சூடு குறைத்து அடுப்பில் வைத்துவிட்டு, கடைசியில் தூவ சீஸ் துருவிக்கொண்டிருந்தேன். பால்கனியில் படபடவென்று சத்தம்.

கடற்புறா. கோழி அளவு இருந்தது. கேரட்டைத் தின்ன வந்து, வலையில் கால் மாட்டி, உதறி உதறி ஒரு சிறகையும் சிக்கவைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தியது. அது கத்தியதைவிட நான் அதிகம் கத்தினேன் என்பதை எதிர் வீட்டுக் கிழவர் உறுதி செய்வார்.

ஏன் கத்தினேன் என்றால், தொழிற்சாலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்: கடற்புறா உன் கையிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கலாம், உன் தலைமேல் எதுவும் செய்யலாம், நீ அதைத் தொடக்கூடாது. இங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நானோ வலை கட்டி, அதில் தீனி பரப்பி, ஒன்றைப் பிடித்தே விட்டேன். பரம்பரை மீனவன் என்று வேறு எல்லோரிடமும் பீற்றியிருக்கிறேன். சாட்சி எதிர் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருக்கிறது. போலீஸ், கோர்ட்டு, கையில் விலங்கு, சென்னை விமானம், பெட்டியைச் சுற்றி அதே வலை. எல்லாம் ஒரே நொடியில் ஓடியது.

ஃபோனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன்.

"கடல்காக்கா மாட்டிக்கிச்சுக்கா. இங்க அது கேசு."

"வலைய அறுத்து வுடேண்டா."

"போலீசு வந்தா?"

"வந்தா வாய தொறக்காத. நீ வாய தொறந்தா இல்லாத கேசும் வந்துடும். வாய மூடினு நில்லு." வைத்துவிட்டாள்.

அப்பா நினைவுக்கு வந்தார். நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏரியில் எங்கள் வலையில் ஒருமுறை நீர்க்காக்கை சிக்கியது. நைனா தன் துண்டை அதன் தலையில் போட்டு மூடி, அலகைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகக் கண்ணிகளை அறுத்து விட்டார். நிதானம் அதுவரைதான். போகிற போக்கில் அது அவர் கட்டைவிரலைக் கொத்திவிட்டுப் போனது. வலையைத் தைத்து முடிக்கும்வரை அந்தப் பறவையின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.

என்னிடம் துண்டு இல்லை. லுங்கிதான் இருந்தது. அவிழ்த்துப் பறவையின் தலையில் போட்டேன். உள்ளே நான் போட்டிருந்தது கால்பந்துப் போட்டி சமயத்தில் தள்ளுபடியில் வாங்கிய ஆரஞ்சு நிற அரை டிராயர். இடது கையில் அலகு, வலது கையில் கத்திரி, முட்டிக்கால் போட்டு முதல் கண்ணியை அறுக்கும்போது வாசல் கதவு திறந்தது.

யாமினி. அவள் பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு பெண்கள்.

யாமினி கண்ணை மூடித் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு டச்சில் நாலு ஜோக்கு வரிசையாக வாயில் வந்து நின்றன. வாய மூடினு நில்லு. மூடிக்கொண்டேன்.

லோட்டே பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து சிறகைப் பிடித்துக்கொண்டாள். உயரமான ஃபெம்கே ஃபோனை எடுத்து யாரையோ அழைத்தாள். யாரை என்று கண்ணாலேயே கேட்டேன்.

"மிருக ஆம்புலன்ஸ்பா," என்றாள் யாமினி. "இங்க அதுக்குன்னு தனியா இருக்கு."

நம் ஊரில் மனுஷனுக்கே வண்டி வர ஆளைக் கெஞ்ச வேண்டும். இங்கே ஒரு காக்காவுக்கு வருகிறது. ஃபோனில் மறுபுறம் கேள்வி மேல் கேள்வி. எந்தத் தெரு, எந்த எண், எத்தனையாவது மாடி, எந்த வகைப் பறவை, பெரியதா குட்டியா, ரத்தம் உண்டா, யார் பார்த்தது. ஃபெம்கே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் என்னைப் பார்த்து 'வலை' என்ற சொல்லைச் சொன்னாள். நான் அடுத்த கண்ணியை அவசரமாக அறுத்தேன்.

ஆம்புலன்ஸிலிருந்து இரண்டு பெண்மணிகள் வந்தபோது கடைசிக் கண்ணியையும் அறுத்திருந்தேன். ஆனால் அலகை விடவில்லை. விட்டால் கட்டைவிரல் போய்விடும் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. ஒரு பெண்மணி பறவையை வாங்கி, சிறகை விரித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். இன்னொருவர் வலையைப் பார்த்துக் கேட்டார்.

"இது எதற்கு?"

நான் யாமினியைப் பார்த்தேன்.

"பீட்ரூட்டுக்கு," என்றாள் யாமினி.

அந்தப் பெண்மணி பீட்ரூட்டைப் பார்த்தார். ஆரஞ்சு டிராயரைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. பறவையைப் பால்கனிக் கம்பிமேல் வைத்தார்கள். அது ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு பறந்தது.

அப்போதுதான் அடுப்பில் வைத்த தட்டு ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறதோ தெரியாது. நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. லோட்டே எனக்கு முன்னால் போய், துணியால் தட்டைப் பிடித்து வெளியே எடுத்தாள். காய் சுருண்டு சிவந்து நின்றது. சீஸ் துருவலை அவளே அள்ளி மேலே தூவி, மறுபடி உள்ளே தள்ளி, சீஸ் உருகிப் பொன்னிறமானதும் எடுத்தாள். ஒன்றைக் கடித்தாள். சத்தம் பால்கனியில் எனக்குக் கேட்டது.

"லெக்கர்," என்றாள்.

ஆம்புலன்ஸ்காரப் பெண்மணிகள் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்கள்.

5

அதற்குப் பிறகு நான் பால்கனியிலேயே உட்கார்ந்து, அறுத்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வரலாம் என்ற பயம் இன்னும் இருந்தது. அதனால் வாயையும் திறக்கவில்லை. உள்ளே மூன்று பெண்களும் ப்ராஜெக்டைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்தடுத்த தட்டுகளைச் சுட்டுச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். ஃபெம்கே, உன் அப்பா எந்த ஊர், வலையெல்லாம் வைத்திருக்கிறாரே என்று கேட்டது காதில் விழுந்தது.

யாமினி சொன்னாள். பழவேற்காடு. எலும்புக்கூடு. கிரிக்கெட் பந்து. நகராட்சி. நெஞ்சில் கை. நான் கால் மணி நேரம் சொல்லும் கதையை நாலே வாக்கியத்தில் சொன்னாள். "யார்?" என்ற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டாள் பாருங்கள், அது எனக்கு இத்தனை வருஷமாக வரவில்லை. உள்ளே இரண்டு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு, யாமினி தட்டுகளைத் துடைக்க, நான் கழுவினேன்.

"வாசன ஒண்ணும் வரலையே?" என்றேன்.

"என்ன வாசன?"

"கருவாடு. கீழ சைக்கிள் ஷெட்டுல ஒளிச்சு வெச்சேன்."

"சைக்கிள் ஷெட்டுலயா?" துடைப்பதை நிறுத்தினாள். "ஏன்பா?"

"உன் ஃப்ரெண்ட்ஸ் வராததுக்கு அதான காரணம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அவள் அத்தை தெரிந்தாள்.

"லோட்டே வீட்ல புகை போட்ட விலாங்கு மீன் கொத்துக் கொத்தா தொங்கும். அவங்க வீட்டு சீஸ் அலமாரியத் தொறந்தா நாயே எழுந்து வெளிய போயிடும். கருவாடெல்லாம் ஒண்ணுமே இல்லப்பா."

"அப்புறம் ஏம்மா யாரையும் கூட்டினு வரல?"

தட்டை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள். காய்ந்த தட்டு அது.

"நீ பேசுவியேப்பா," என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். கருவாட்டு வாசனைக்கு அஞ்சி யாரும் வராமல் இருக்கவில்லை. நான் பேசுவேன் என்று பயந்து அவள் யாரையும் கூப்பிடவில்லை. அந்தச் சனிக்கிழமை போலீசுக்குப் பயந்து நான் பேசவில்லை. சிநேகிதிகள் இருட்டும்வரை இருந்தார்கள்.